ஓய்வு வேறு, ஒழிவு வேறு: பண்டைய கிரேக்கர்களின் 'ஸ்கோலே'

'மனுஷனுக்கு ஓய்வு ஒழிச்சல் வேண்டாமா?' என்று வீட்டில் சொல்வோம். இரட்டைச் சொல்லாகவே வாயில் வந்து பழகிவிட்டதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். களைத்தவர் எடுப்பது ஓய்வு. ஒழிச்சல் அப்படியில்லை. 'நாளைக்குக் கை ஒழிந்திருந்தால் வா' என்று ஒருவரை அழைக்கும்போது களைப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த வேலையும் அவரைப் பிடித்து வைத்திருக்கவில்லை, நேரம் அவருடைய கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பண்டைய கிரேக்கர்கள் 'ஸ்கோலே' என்று சொன்னது இந்த இரண்டாவதைத்தான். அதை எல்லாரும் 'ஓய்வு' என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். அப்புறம் அரிஸ்டாட்டிலைப் படிக்கும்போது, ஓய்வைப் போய் இவர் ஏன் இவ்வளவு உயர்த்திப் பேசுகிறார் என்று குழம்புகிறோம். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்கோலேவை 'ஒழிவு' என்றே சொல்லப்போகிறேன்.

ஸ்கோலே என்ற சொல் நமக்குப் புதியதும் அல்ல. நாம் தினமும் சொல்லும் 'ஸ்கூல்' அதிலிருந்து வந்ததுதான். ஸ்கோலே என்றால் முதலில் ஒழிந்த நேரம். பிறகு, அந்த நேரத்தில் கூடி உட்கார்ந்து நடத்தும் பேச்சும் விவாதமும். பிறகு, அந்தப் பேச்சு நடக்கிற இடம். லத்தீனில் அது 'ஸ்கோலா' ஆகி ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பரவியது. தமிழிலும் ஏறக்குறைய இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 'பள்ளி' என்றால் படுக்கை, துயிலும் இடம். பள்ளியறை, பள்ளிகொண்ட பெருமாள் என்பதில் எல்லாம் அதுதான் பொருள். துறவிகள் தங்கிய இடத்துக்கு அந்தப் பெயர் வந்து, அங்கே பாடம் நடந்ததால் பள்ளிக்கூடம் ஆனது. இரண்டு சொற்களுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் கற்கும் இடத்தின் பெயருக்குள் இரண்டு மொழிகளிலும் ஓர் இளைப்பாறல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி முக்கியமான விஷயம். 'வேலை மும்முரம்' என்பதற்குக் கிரேக்கத்தில் ஒரு சொல் 'அஸ்கோலியா'. முன்னால் இருக்கும் 'அ' இன்மையைக் குறிக்கிறது. அதாவது, ஒழிவின்மை. நாம் வேலையை முதலில் வைத்து, அது இல்லாத நேரத்தை விடுமுறை என்கிறோம். அவர்கள் ஒழிவை முதலில் வைத்து, அது இல்லாத நிலையை வேலை என்றார்கள். ரோமானியர்களும் இதே வழியில் போனார்கள். லத்தீனில் 'ஓட்டியம்' என்றால் ஒழிவு, 'நெகோட்டியம்' என்றால் அது இல்லாத நிலை, அதாவது தொழில், வியாபாரம்.

அப்படியானால் கிரேக்கர்கள் சோம்பேறித்தனத்தைக் கொண்டாடினார்களா? இல்லை. அதற்கு அவர்களிடம் தனிச் சொல் இருந்தது: 'ஆர்கியா'. 'எர்கோன்' என்றால் வேலை. அது இல்லாதது ஆர்கியா. 1894இல் காற்றில் ஒரு புதிய வாயுவைக் கண்டுபிடித்தபோது, எதனோடும் வினைபுரியாமல் சும்மா இருக்கிறதே என்று 'ஆர்கான்' என்று பெயர் வைத்தது இந்தச் சொல்லை வைத்துத்தான். இன்றைய கிரேக்கத்தில் அரசு விடுமுறை நாளுக்கும் இதுவே பெயர், உச்சரிப்பு மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் பழைய காலத்தில் அது பெரும்பாலும் வசைச்சொல்.

அந்த வசையைக் காதாரக் கேட்க வேண்டுமானால் ஹெசியோடிடம் போக வேண்டும். சுமார் கி.மு. 700இல், பியோஷியா பகுதியில், ஹெலிகான் மலையடிவாரத்தில் அஸ்க்ரா என்ற சிற்றூரில் வாழ்ந்த விவசாயி, கவிஞர். குளிர்காலத்தில் மோசம், கோடையில் கொடுமை, என்றைக்கும் நல்லதில்லை என்று சொந்த ஊரைப் பற்றியே எழுதியவர். அவருடைய தம்பி பெர்சேஸ் பாகப்பிரிவினையில் அதிகம் சுருட்டிக்கொண்டு, லஞ்சம் தின்னும் தலைவர்களைக் கையில் போட்டுக்கொண்டான் என்பது அவருடைய மனக்குறை. தம்பிக்குச் சொல்லும் புத்திமதியாக 'வேலைகளும் நாட்களும்' என்ற நீண்ட கவிதையை அமைத்தார். வேலை செய்வது இழிவில்லை, வேலை செய்யாதிருப்பதே இழிவு என்கிறார். சும்மா திரிகிறவன், தேனீக்களின் உழைப்பைத் தின்று தீர்க்கும் கொடுக்கில்லாத ஆண் தேனீயைப் போன்றவன். குளிர்காலத்தில் கொல்லனின் உலைக்களத்தையும், கதகதப்பாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசும் மண்டபத்தையும் நின்று பார்க்காமல் கடந்து போய்விடு என்கிறார்.

மனிதன் எதற்காக உழைக்க வேண்டும் என்ற கேள்விக்கும் அவரிடம் ஒரு புராணம் இருக்கிறது. ஆதியில் பழைய கடவுள் குரோனோஸ் ஆண்ட காலத்தில் பொன் இன மனிதர்கள் கடவுளரைப் போலக் கவலையின்றி வாழ்ந்தார்கள். நிலம் தானாகவே விளைந்து கொடுத்தது. அவர்களுக்கு முதுமை இல்லை. மரணம்கூடத் தூக்கம் வருவதுபோல வந்தது. பிறகு பிரொமீத்தியஸ் என்ற தேவன் ஏமாற்றியதால் கோபம் கொண்ட கடவுளரின் அரசர் சியூஸ், மனிதர்களின் பிழைப்பை ஒளித்து வைத்துவிட்டார். ஒளிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஹெசியோட் சொல்லும் இடம் அழகானது. ஒரே நாள் உழைத்து வருஷம் முழுவதற்கும் சம்பாதித்துவிட்டு, படகின் சுக்கானைக் கழற்றி அடுப்புப் புகைக்கு மேலே தொங்கவிட்டுவிடலாமாம். உழைப்பில்லாத உலகத்தைச் சொல்ல வந்தவருக்குத் தோட்டமோ மாளிகையோ நினைவுக்கு வரவில்லை. வேலை முடிந்து புகையில் காயும் ஒரு மரச்சாமான் வருகிறது. கடலுக்குப் போய் அலுத்தவர்களைப் பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

இவ்வளவு கண்டிப்பான மனிதர், அதே கவிதையில் நடுக்கோடைக்கு வரும்போது அப்படியே இளகிவிடுகிறார். முள்பூண்டு பூத்திருக்கிறது. மரத்தில் சில்வண்டு சிறகடியிலிருந்து கீச்சென்ற பாட்டை விடாமல் கொட்டுகிறது. ஆடுகள் கொழுத்திருக்கும், திராட்சை மது நன்றாக இருக்கும் காலம். அப்போது எனக்கு ஒரு பாறை நிழல் வேண்டும் என்கிறார். பிப்ளைன் மது வேண்டும், பால் சேர்த்த ரொட்டி, ஆட்டுப்பால், காட்டில் மேய்ந்த கிடாரியின் இறைச்சி வேண்டும். மேல்காற்றுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்து, ஓடும் ஊற்றிலிருந்து மூன்று பங்கு தண்ணீர், நான்காவது பங்கு மது என்று கலந்து குடிக்க வேண்டும். வேலைக் கணக்கையே பாடிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிழலில் உட்கார்ந்துவிடுகிறார். இதைச் சோம்பல் என்று அவரே ஒத்துக்கொள்ள மாட்டார். அந்தச் சில்வண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; மறுபடியும் வரும்.

கிரேக்கப் புராணங்களில் உழைப்பில்லாத இடங்கள் நிறைய வருகின்றன. கூடவே ஒரு பயமும் வருகிறது. ஹோமரின் ஒடிசி காவியத்தில் தாமரை தின்போர் நாடு ஒன்று. அவர்கள் யாருக்கும் கேடு செய்வதில்லை. வந்தவர்களுக்குத் தேன்போல இனிக்கும் ஒரு கனியைக் கொடுக்கிறார்கள். தின்ற மாலுமிகளுக்கு வீடு திரும்பும் எண்ணமே போய்விடுகிறது. அவர்களுடைய தலைவன் ஒடிசியஸ் அவர்களை அழ அழ இழுத்து வந்து, கப்பலில் துடுப்புப் பலகைகளுக்கு அடியில் கட்டிப் போடுகிறான். அவர்கள் வேலை செய்யாததை ஹோமர் குற்றமாகச் சொல்லவில்லை. வீட்டை மறந்ததுதான் அங்கே ஆபத்து.

பாதாள உலகத்தில் கிடைக்கும் தண்டனைகளைப் பாருங்கள், பலவும் வேலையாகவே இருக்கின்றன. சிசிஃபஸ் பாறையை உருட்டுகிறான், டனாயஸின் மகள்கள் ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்புகிறார்கள். அதிகம் பேர் அறியாத ஒருவன் ஒக்னோஸ். டெல்ஃபியில் க்னிடோஸ் நகரத்தார் கட்டிய ஒரு மண்டபத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஓவியர் பாலிக்னோட்டஸ் பாதாள உலகத்தைச் சுவரில் தீட்டியிருந்தார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அதை நேரில் பார்த்த பயணி பாசனியஸ் விவரித்து எழுதியிருக்கிறார். ஒருவன் உட்கார்ந்து கயிறு திரிக்கிறான். பக்கத்தில் ஒரு பெண் கழுதை. அவன் திரிக்கத் திரிக்க அது தின்றுகொண்டே இருக்கிறது. ஒக்னோஸ் நல்ல உழைப்பாளி, சம்பாதித்ததை எல்லாம் மனைவி செலவழித்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்களாம். ஆனால் 'ஒக்னோஸ்' என்ற சொல்லுக்குத் தயக்கம், மந்தம் என்று பொருள். உழைப்பாளிக்கு மந்தன் என்று பெயர்! பாதாளத்தில் அவன் கை ஒரு நொடி ஓய்வதில்லை, கயிறும் ஒரு முழம் நீள்வதில்லை. இந்த ஓவியம் இருந்ததும் ஒரு 'லெஸ்கே'யில். முன்காலத்தில் மக்கள் கூடிப் பேசுவதற்கென்று இருந்த மண்டபத்துக்கு அதுதான் பெயர். தம்பியை ஹெசியோட் உள்ளே போகாதே என்றாரே, அதே வகை மண்டபம்.

புராணத்தை விட்டு ஊருக்கு வந்தால், ஏதென்ஸில் சும்மா இருப்பதற்கு எதிராகச் சட்டமே இருந்தது. ஒவ்வொருவரும் எப்படிப் பிழைக்கிறார் என்று விசாரித்து, வேலையற்றவரைத் தண்டிக்கும் பொறுப்பை, ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் அரியோபாகஸ் என்ற மூத்தோர் மன்றத்துக்குக் கொடுத்தார் என்கிறார் வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க். மகனுக்கு ஒரு தொழிலும் கற்றுத்தராத தகப்பனை, வயதான காலத்தில் மகன் காப்பாற்ற வேண்டியதில்லை என்றும் சோலோன் விதித்தாராம். இதையொட்டி புளூட்டார்க் சொல்லும் ஒரு கதை: ஸ்பார்ட்டா என்ற இன்னொரு கிரேக்க நகர அரசைச் சேர்ந்தவர் ஒருவர் ஏதென்ஸுக்கு வந்திருந்தபோது, சும்மா இருந்த குற்றத்துக்காக ஒருவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவர் மனமொடிந்து வீட்டுக்குப் போகிறார், நண்பர்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டே உடன் நடக்கிறார்கள். ஸ்பார்ட்டாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. சுதந்திர மனிதனாக வாழ்ந்ததற்காகத் தண்டனை பெற்றவரா, எங்கே காட்டுங்கள் என்றாராம்.

ஸ்பார்ட்டாவில் குடிமகன் உழுவதில்லை, தொழில் செய்வதில்லை. ஹெலட்டுகள் என்ற அடிமை மக்கள் உழுதார்கள். கிரேக்க உலகிலேயே ஒழிவு அதிகம் இருந்த ஆட்கள் ஸ்பார்ட்டாக்காரர்கள்தான். ஆனால் அந்த நேரமெல்லாம் போர்ப் பயிற்சிக்கே போனது. கி.மு. 371இல் லியூக்ட்ரா போரில் தீபஸ் நகரம் அவர்களைத் தோற்கடித்த பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. அரிஸ்டாட்டில் இதற்குக் காரணம் சொல்கிறார்: ஒழிவில் எப்படி இருப்பது என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. சமாதான காலத்தில், பயன்படுத்தாத இரும்பைப் போல அவர்கள் பதம் இழந்துவிடுகிறார்கள். அந்தக் குற்றம் சட்டம் வகுத்தவருடையது என்று நேராகவே சொல்கிறார்.

ஒழிவைக் கற்க வேண்டுமா? அரிஸ்டாட்டிலின் விளக்கத்தில் நாம் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அவர் மூன்றைப் பிரிக்கிறார். ஓய்வு ஒன்று; அது வேலைக்காக இருப்பது, களைப்பு நீங்கி மறுபடி வேலைக்குப் போவதற்கு. விளையாட்டும் கேளிக்கையும் இன்னொன்று. அதுவும் வேலைக்காகத்தான், உழைத்து இறுகியவருக்கு மருந்துபோல அளவாகக் கொடுக்க வேண்டியது. மூன்றாவதுதான் ஸ்கோலே. அது வேறு எதற்காகவும் இல்லை. இசை, நட்பு, உரையாடல், வானத்தையும் உயிர்களையும் பார்த்து யோசிப்பது என்று, தன்னளவிலேயே செய்யத் தகுந்தவற்றுக்கான நேரம். 'ஒழிவு கிடைப்பதற்காகவே வேலையில் மூழ்குகிறோம், சமாதானத்தில் வாழ்வதற்காகவே போர் செய்கிறோம்' என்று நிகோமாகிய அறவியல் நூலில் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கி எழுந்து திங்கட்கிழமைக்குத் தயாராகிறோமே, அவர் கணக்கில் அந்த ஞாயிறு வேலை நாளின் ஒரு பகுதிதான். எகிப்தில் கணிதம் பிறந்ததற்கும் அவர் சொல்லும் காரணம், அங்கே பூசாரிகளுக்கு ஒழிவு இருந்தது என்பதே.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, அந்த ஒழிவு எதன்மேல் நின்றது என்பதைச் சொல்லாமல் போனால் தப்பு. ஹெசியோடின் அந்தப் பாறை நிழல் காட்சி முடிந்த கையோடு வருவது அடிமைகளுக்கான கட்டளை: ஓரியன் விண்மீன் கூட்டம் தோன்றியதும் தானியத்தைப் போரடிக்கச் சொல். அறுவடை முடிந்து எல்லாம் உள்ளே வந்த பிறகு, அடிமைகளின் முழங்கால்களுக்கு இளைப்பாறுதல் கொடு, மாடுகளை அவிழ்த்து விடு என்கிறார். இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. 'அடிமைகளுக்கு ஒழிவில்லை' என்று கிரேக்கத்தில் ஒரு பழமொழியே இருந்தது. அரிஸ்டாட்டில் அதை எடுத்துக்காட்டுகிறார். அடிமைக்கு ஓய்வு உண்டு, மாட்டுக்கு உண்டு என்பதுபோல. ஒழிவு கிடையாது. வீட்டுக்குள் பெண்கள் நூற்றார்கள், நெய்தார்கள். அவர்களுடைய நேரத்தைப் பற்றி இந்த நூல்களில் யாரும் கவலைப்படவில்லை.

அரிஸ்டாட்டிலுக்கே இது எங்கோ இடித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 'அரசியல்' நூலின் தொடக்கத்தில் ஒரு விசித்திரமான கற்பனை வருகிறது. கடவுளரின் கொல்லரான ஹெஃபைஸ்டஸ் செய்த முக்காலிகள் தாமாகவே கடவுளர் சபைக்குப் போய் வருமாம். ஹோமர் பாட்டில் அவை மொத்தம் 20, ஒவ்வொன்றுக்கும் பொன் சக்கரம். அதுபோலத் தறியில் நாடா தானாக ஓடி நெய்தால், மீட்டுகோல் தானாக யாழை மீட்டினால், எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்கிறார். ஆனால் அந்தக் கதவைத் திறந்தவர் உள்ளே போகவில்லை. அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்று சொல்லி அடிமை முறையை நியாயப்படுத்திவிடுகிறார். அவரிடம் நான் மிகவும் மதிக்கும் சிந்தனைக்கு மிக அருகிலேயே இதுவும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

ஏதென்ஸ் மக்களாட்சி ஒரு சின்ன மாற்று வழியை முயன்று பார்த்தது. நீதிமன்றத்தில் நடுவராக உட்காரும் குடிமக்களுக்கு கி.மு. 5ஆம் நூற்றாண்டுத் தலைவர் பெரிக்ளீஸ் தினப்படி ஏற்படுத்தினார். பிறகு அது 3 ஓபோல் (சிறு வெள்ளிக் காசு) ஆனது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மக்கள் சபைக்கு வருவதற்கும் காசு கொடுத்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டு வந்தால் அடுப்பு எரியாது என்ற ஏழைக்கு, அந்த நாளை ஊரே வாங்கிக் கொடுத்தது. சொத்தைக் கவனிக்க ஓடும் பணக்காரர்களைவிட இப்போது ஏழைக் கூட்டத்துக்கே ஒழிவு அதிகம் என்று அரிஸ்டாட்டில் எழுதும் அளவுக்கு அது வேலை செய்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்திலும் அடிமைகளும் பெண்களும் இல்லை.

நீதிமன்றம் என்றதும் இன்னொரு காட்சி. அங்கே பேச்சுக்கு நேரக்கணக்கு நீர்க்கடிகாரத்தில். ஏதென்ஸ் சந்தைவெளி அகழாய்வில் ஒன்று கிடைத்திருக்கிறது. அடியில் சிறு துளையுள்ள ஒரு மண்பானை, சுமார் 6.4 லிட்டர் பிடிக்கும், ஏறக்குறைய 6 நிமிஷத்தில் காலியாகிவிடும். அதன் முன்னால் நின்று வாதாடி வளர்ந்தவன் அடிமையைப் போல வளர்கிறான் என்று பிளேட்டோவின் ஒரு உரையாடலில் சாக்ரடீஸ் சொல்கிறார். வழியும் தண்ணீர் அவனைத் துரத்துகிறது. தத்துவம் பேசுகிறவர்களுக்கோ ஒழிவு இருக்கிறது. ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம், நீளமா குட்டையா என்ற கவலை இல்லை, உண்மையைத் தொட்டால் போதும்.

இப்போது சில்வண்டுக்கு வரலாம். எறும்பும் வெட்டுக்கிளியும் கதை எல்லாருக்கும் தெரியும். கிரேக்க மூலத்தில் அது வெட்டுக்கிளி இல்லை, சில்வண்டு. குளிர்காலத்தில் நனைந்த தானியத்தை எறும்புகள் காயவைத்துக்கொண்டிருக்க, பசியோடு வந்து கேட்கிறது. கோடையில் ஏன் சேர்க்கவில்லை என்கின்றன எறும்புகள். அதற்குச் சில்வண்டு சொல்லும் பதில் நம் கட்டுரைச் சொல்லிலேயே இருக்கிறது: எனக்கு ஒழியவில்லை, பாடிக்கொண்டிருந்தேன். கோடையில் பாடினாய் அல்லவா, குளிர்காலத்தில் ஆடு என்று சிரித்து அனுப்பிவிடுகின்றன.

பிளேட்டோ அதே பூச்சிக்கு வேறு கதை வைத்திருக்கிறார். 'ஃபீட்ரஸ்' என்ற உரையாடல். சாக்ரடீஸும் இளைஞர் ஃபீட்ரஸும் நகர மதிலுக்கு வெளியே, இலிஸஸ் ஆற்றில் வெறுங்காலை நனைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கோடைக்காலம், வெயில் உச்சியை நெருங்குகிறது. உயர்ந்த ஒரு பிளேன் மரம். காஷ்மீரில் சினார் என்கிறார்களே, அந்த மரம். பக்கத்தில் நம் நொச்சிக்கு உறவான ஒரு செடி முழுக்கப் பூத்து மணக்கிறது. ஊற்றுத் தண்ணீர் சில்லென்று இருப்பதைக் காலை வைத்துப் பார்க்கிறார் சாக்ரடீஸ். தலை சாய்க்க வாகாகப் புல்மேடு. சுற்றிலும் சில்வண்டுகளின் இரைச்சல்.

காதலைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, நல்ல எழுத்து என்றால் என்ன என்று ஆராயலாமா என்ற கேள்வி வருகிறது. 'ஒழிவுதான் இருக்கிறதே' என்கிறார் சாக்ரடீஸ். அங்கே அவர் சொல்லும் சொல் ஸ்கோலே. அடுத்த மூச்சிலேயே மரத்தின் மேலே காட்டுகிறார். இந்த நடுப்பகலில் நாமும் மற்றவர்களைப் போலப் பேசாமல், மனச்சோம்பலால் இவற்றின் பாட்டில் மயங்கிக் கண்ணயர்ந்தால், ஊற்றருகே ஆடுகளைப் போலத் தூங்க வந்த அடிமைகள் என்று நினைத்து இவை நம்மைப் பார்த்துச் சிரிக்கும். 'மனச்சோம்பல்' என்ற இடத்தில் அவர் போடுவது ஆர்கியா. சில வரி இடைவெளியில் இரண்டு சொற்களும் வந்துவிடுகின்றன, ஒரே நிழலில், ஒரே புல்மேட்டில். அங்கேயும் தூங்குகிறவனுக்கு அடிமையைத்தான் உவமை சொல்கிறார் என்பதும் கண்ணில் படாமல் போகாது.

அப்புறம் கதை. கலைத் தேவியர் பிறப்பதற்கு முன்னால் சில்வண்டுகள் மனிதர்களாக இருந்தார்களாம். தேவியர் பிறந்து உலகத்தில் பாட்டு தோன்றியதும், சிலர் அதன் இன்பத்தில் சோறு தண்ணீர் மறந்து பாடிக்கொண்டே இருந்து, தெரியாமலே செத்துப்போனார்கள். அவர்கள் வழியில் வந்தவைதான் சில்வண்டுகள். பிறந்தது முதல் இறக்கும்வரை உணவின்றிப் பாடலாம் என்பது தேவியர் கொடுத்த வரம். இறந்த பிறகு போய், பூமியில் யார் யார் எந்தத் தேவிக்கு மரியாதை செய்கிறார்கள் என்று அந்தந்தத் தேவியிடம் சொல்லுமாம்: ஆடுகிறவர்களைப் பற்றி டெர்ப்சிகோரியிடம், யோசிப்பதில் வாழ்நாளைக் கழிப்பவர்களைப் பற்றிக் கலியோப்பியிடமும் யுரேனியாவிடமும்.

அதனால் தூங்காமல் பேசலாம் என்கிறார் சாக்ரடீஸ். பேசுகிறார்கள். எழுத்தும் பேச்சும், நினைவும் மறதியும் என்று பேச்சு எங்கெங்கோ போகிறது. தண்ணீர்ப் பானை எதுவும் பக்கத்தில் இல்லை. கடைசியில் வெயில் தணிந்துவிட்டது, போகலாம் என்று ஃபீட்ரஸ் எழுந்திருக்கிறார். சாக்ரடீஸ் அவரை நிறுத்தி, அந்த இடத்துக் கடவுளான பானிடம், உள்ளுக்குள் நான் அழகாக இருக்க அருள் செய் என்று வேண்டிக்கொள்கிறார். எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள், நண்பர்களுக்குள் எல்லாம் பொதுதானே என்கிறார் ஃபீட்ரஸ். 'போகலாம்' என்கிறார் சாக்ரடீஸ்.